ராசம்மா படத்தில் ஏறிய பச்சை

1. சட்டம் திரும்பி வந்தது

"அம்மா மூஞ்சி பச்சையா இருக்குதுங்க்கா" என்று சொல்லிக்கொண்டே செல்வி கண்ணாடிச் சட்டத்தைக் கவுன்ட்டர் மேல் வைத்தாள். தலையிலிருந்த ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு ஒரு பள்ளிக்கூடத்தின் ஐடி கார்டு வேலை கழுத்து வரை இருந்தது. லேமினேஷன் மெஷின் சூடேறாமல் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் கொடுத்த படத்தைத் திருப்பிக் கொண்டுவந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே வரும். ஏற்காடு ஒண்டிக்கடை முக்குப் பக்கம் இருபது வருடத்துக்கு மேலாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ஸ்டெல்லா அக்கா கடை என்றால் ஏற்காட்டில் பாதிப் பேருக்குத் தெரியும். ஸ்டெல்லா அக்கா வாய் என்றால் மீதிப் பேருக்கும் தெரியும்.

"கறுப்பு வெள்ளைப் படத்துல ஏது கண்ணு பச்சை? கறுப்பு இருக்கும், வெள்ளை இருக்கும், நடுவுல சாம்பல் இருக்கும். பச்சைக்கு எங்க போறது?"

"நான் மட்டும் சொல்லலீங்க்கா. அப்பாவும் அதேதான் சொல்றாரு."

சட்டத்தைத் தூக்கி டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்துக் காட்டினேன். பச்சை ஒன்றும் இல்லை. செல்வியும் எட்டிப் பார்த்தாள். முகத்தில் குழப்பம்.

"இங்க நல்லாத்தான் இருக்குது... ஆனா ஊட்டுல பச்சையா இருந்துச்சுங்க்கா. சத்தியமா."

அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தையை நான் நின்று கேட்டிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். எங்கே கேட்டேன்? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கும் அதே கதைதான்.

இங்க்ஜெட் பிரிண்டரில் கறுப்பு வெள்ளைப் படம் போட ஆரம்பித்திருக்கும் தம்பி தங்கைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கலர்ப் படம் போடுவது லேசு. கன்னம் கொஞ்சம் சிவந்திருந்தால் "வெயில்ல நின்னிருக்காங்க" என்று சொல்லித் தப்பித்துவிடலாம். கறுப்பு வெள்ளையில் தப்பிக்க இடமே இல்லை. துளி நிறம் ஏறினாலும் அது நேராக முகத்தில்தான் உட்காரும்.

2. நீலத் தார்ப்பாய்

செல்வி, மலைமேல் இருக்கும் வெள்ளக்கடை கிராமத்துக்காரி. ஒரு எஸ்டேட் ஆபீஸில் வேலை. அவள் அம்மா ராசம்மா மஞ்சள் காமாலை முற்றிப்போய் சேலம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். கருமாதிக்கு மாட்ட ஒரு படம் வேண்டும் என்று முதல் தடவை வந்தபோது செல்போனை நீட்டினாள். அதில் இருந்தது ஒரே ஒரு படம்தான்.

"அம்மா போட்டோன்னாலே மூஞ்சிய முந்தானைல மூடிக்குமுங்க. இது ஒண்ணுதான் மாட்டுச்சு."

சேர்வராயன் கோயில் திருவிழாவில் எடுத்தது. ஒரு பொரிக்கடைப் பந்தலில் ராசம்மா உட்கார்ந்திருக்கிறார். வாய் நிறைய, கண் இடுங்க, அப்படி ஒரு சிரிப்பு. ஆனால் பந்தலுக்கு மேலே கட்டியிருந்தது நீலத் தார்ப்பாய். அந்த நீலம் முழுவதும் முகத்தில் இறங்கியிருந்தது. நெற்றி நீலம், பல் நீலம், நரைமுடி நீலம். கம்ப்யூட்டரில் போட்டு நீலத்தைக் குறைத்தேன். முகம் ஊதாவுக்குப் போனது. ஊதாவைக் குறைத்தால் உதடு செத்துப்போனது. பொழுது சாய்கிறவரை முட்டி மோதிவிட்டு, "கண்ணு, இத கறுப்பு வெள்ளையா மாத்திரலாம். கலரே இல்லீன்னா தொல்லையே இல்ல" என்றேன்.

கலரே இல்லாவிட்டால் தொல்லை இல்லையாம்! வாய் என்னுடையது, என்ன வேண்டுமானாலும் சொல்லும்.

கறுப்பு வெள்ளையாக மாற்றியதும் திரையில் படம் எழுந்து நின்றது. தார்ப்பாய் போனது, நீலம் போனது, சிரிப்பு மட்டும் இருந்தது. செல்வி அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அப்பா சரியா தூங்கறதே இல்லீங்க்கா. கண்ண மூடுனா ஆஸ்பத்திரில கெடந்த அந்த மஞ்ச மூஞ்சிதான் வருதுங்கறாரு. இந்தப் படத்த ஊட்டுல மாட்டிட்டா அது போயி இது வந்துரும்னு நெனக்கறேன்."

அதனால்தான் சொல்கிறேன், அது வெறும் கருமாதிப் படம் அல்ல. அந்த மனுஷர் கண்ணில் ஒட்டிக்கொண்ட ஒரு முகத்தை எடுத்துவிட்டு அங்கே இன்னொரு முகத்தை வைக்க வேண்டிய வேலை. அப்படிப்பட்ட படம்தான் இப்போது பச்சை என்று திரும்பி வந்திருந்தது. மஞ்சளும் கறுப்பும் கலந்தால் பச்சைதான் வரும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கறுத்த முகத்தில் காமாலை ஏறினால் வருகிற நிறம் அதுதான்.

3. பிரிண்டரின் வயிற்றுக்குள்

பிரிண்டர் மேல் தப்பில்லை என்று நிரூபிப்பதற்காகவே, இங்க் துவாரம் எது அடைத்திருக்கிறது என்று காட்டுகிற நாசில் செக் போட்டேன். என் மூக்கு உடைந்தது. லைட் மெஜெந்தா என்கிற வெளிர் ரோஸ் நிறக் கட்டத்தில் அங்கங்கே கோடுகள் விட்டுப்போயிருந்தன.

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். நம்மிடம் இருப்பது ஆறு கலர் இங்க்டேங்க் பிரிண்டர். அதில் சாம்பல் நிறம் என்று ஒரு டேங்க் கிடையாது. கறுப்பு, சயான் என்கிற ஆகாய நீலம், மெஜெந்தா, மஞ்சள், அப்புறம் வெளிர் சயான், வெளிர் மெஜெந்தா. படத்தில் நாம் பார்க்கிற சாம்பல் இவை எல்லாம் சேர்ந்து அமைக்கிற கூட்டணி ஆட்சி. ஒரு கட்சி வெளியே போனால் எதிர்க்கட்சி எழுந்து நிற்கும். மெஜெந்தா குறைந்தால் பச்சை. சயான் குறைந்தால் சிவப்பு. மஞ்சள் குறைந்தால் நீலம். இதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டால் போதும், பாதி வைத்தியம் முடிந்தது.

இங்க் தெளிக்கிற ஹெட்டைச் சுத்தம் செய்ய ஹெட் கிளீனிங் போட்டேன். மறுபடி நாசில் செக். இன்னும் விட்டுவிட்டுத்தான் வந்தது. சேலத்தில் இங்க் வாங்குகிற கடைக்காரருக்கு போன் போட்டேன்.

"மேடம், இன்னொரு கிளீனிங் போடுங்க."

"போட்டுட்டேன்."

"அப்ப பவர் கிளீனிங் போடுங்க."

"இங்க்கு பூரா கழிவுப் பெட்டிக்குப் போயிரும்ல?"

"போனா எங்கிட்டயே வாங்கிக்கலாம் மேடம்" என்று சிரித்தார். சிரிக்க வேண்டிய நேரமா அது? வைத்துவிட்டேன்.

மேலே மேலே கிளீனிங் போட்டால் ஹெட் சூடாகி இன்னும் அடைத்துக்கொள்ளும். சித்த நேரம் சும்மா விட வேண்டும். சும்மா விடுவது என்பது என் ரத்தத்திலேயே இல்லை. இருந்தாலும் ஐடி கார்டு வேலையைப் பார்ப்பது போலப் பாவனை செய்துகொண்டு, பிரிண்டரையே முறைத்துக்கொண்டிருந்தேன். ஏற்காட்டுக் குளிருக்கு ஹெட் சோம்பிப் போகும். நாலு நாள் போட்டோ போடாமல் ஜெராக்ஸ் மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தால் வெளிர் கலர்கள்தான் முதலில் அடைக்கும். அதற்காகவே வாரத்தில் ஒரு கலர்ப் படமாவது போட்டுவிட வேண்டும். தெரிந்த விஷயம்தான், செய்யவில்லை.

ஒருவழியாகக் கோடுகள் முழுசாக வந்தன. அடுத்தது கம்ப்யூட்டரில் பிரிண்டருக்கான டிரைவர் செட்டிங். அங்கேயும் ஒரு கூத்து. போட்டோ சாப்ட்வேரும் கலரைத் திருத்தியது, பிரிண்டரும் கலரைத் திருத்தியது. ஒரு குழம்புக்கு இரண்டு பேர் உப்புப் போட்ட கதை. பிரிண்டர் பக்கத்துத் திருத்தத்தை நிறுத்தினேன். பேப்பர் வகையும் தப்பாக இருந்தது, அதையும் மாற்றினேன்.

கறுப்பு இங்க் மட்டும் வைத்துப் போட்டால் நிறமே ஏறாதே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் போட்டுப் பார்த்தேன். ராசம்மாவின் கன்னத்தில் கேழ்வரகு தூவினது போலப் புள்ளி புள்ளியாக வந்தது. அதைக் கிழித்துப்போட மனசு வரவில்லை, சிரித்த முகமாயிற்றே. கவிழ்த்து டிராயரில் வைத்தேன்.

எல்லாக் கலரும் வைத்துப் புதுப் படம் போட்டேன். டியூப்லைட்டில் பார்த்தால் அச்சு அசல் சாம்பல். செல்வியைக் கூப்பிட்டுக் கொடுத்தேன்.

"இந்தா கண்ணு. இனிமே பச்சைன்னு வந்தீன்னா கடைய மூடிட்டு சர்ச்சுல போயி உக்காந்துக்கறேன்."

மறுநாள் காலையில் போன் வந்தது. குரலே இறங்கியிருந்தது.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. அப்பா படத்தச் செவுத்தப் பாத்துத் திருப்பி வெச்சுட்டாருங்க. 'படமே வேண்டாம், வெறும் வெளக்கு வெச்சு கும்புட்டுக்கலாம்'ங்கறாரு."

நாளைக்குக் கருமாதி.

4. வெள்ளக்கடை வாசல்

கடையைச் சாத்திவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினேன். படத்தில் குறையே இல்லை, அந்த வீட்டு ஆட்கள் கண்ணில்தான் குறை என்பதை நேரில் காட்டிவிட வேண்டும். வழி நெடுகப் பனிமூட்டம். எதிரே பஸ் வருவது ஹாரனில்தான் தெரிந்தது. வளைவு வளைவாகப் பேசிக்கொண்டே போனேன். "பச்சையாம் பச்சை" என்று சத்தமாகவே சொன்னது நினைவிருக்கிறது.

வெள்ளக்கடை போய்ச் சேர்ந்தபோது பனி விலகி வெளிச்சம் வந்திருந்தது. செல்வியின் அப்பா காளியண்ணன் வாசலில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனுஷர், தோளில் துண்டு. காப்பியும் மிளகும் போட்டிருக்கிற சின்னத் தோட்டம் அவருடையது.

"வாங்க அம்மிணி. நொம்பத் தூரம் அலைய வெச்சுட்டோம்" என்றார்.

"அலைச்சல் கெடக்கட்டுங்க. படத்தக் கொண்டாரச் சொல்லுங்க, எங்க பச்சைன்னு காட்டுங்க."

செல்வி கொண்டுவந்தாள். வாசல் வெளிச்சத்தில் கையில் வாங்கினேன்.

பச்சை.

கொஞ்சம்தான். கன்னத்தின் நிழலில், கழுத்தின் கீழே, பாசி படிந்த சுவர் போல. வேறு எந்தப் படமாக இருந்தாலும் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். படத்தைச் சாய்த்தும் திருப்பியும் வெளிச்சத்தில் பிடித்தேன், பச்சை போகவில்லை.

"ஆஸ்பத்திரில கடசியா இந்தக் கலருதான் இருந்தா, அம்மிணி" என்றார் காளியண்ணன். குரலில் குற்றம் சொல்கிற தொனியே இல்லை. "உங்க மேல ஒரு கொறையும் இல்லீங்க. நாந்தான் பாக்க மாட்டேங்கறேன்."

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். இப்படிச் சொன்னால் மனுஷி என்ன செய்வாள்?

பிரிண்டரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்த நான் அப்போதுதான் என் தலைக்கு மேலிருந்த டியூப்லைட்டை நினைத்தேன். ஏற்காட்டில் கடை வைத்திருக்கிறவர்களுக்கு உள்ள வியாதி இது. பனி இறங்கி இருட்டிக்கொள்வதால் பகலெல்லாம் லைட் எரியும். சூரிய வெளிச்சத்தில் படத்தைப் பார்க்கிற பழக்கமே விட்டுப்போகிறது. மலிவான எல்இடி டியூப் ஒன்றை மாட்டியிருந்தேன். அதன் வெளிச்சத்தில் அந்த இங்க் கூட்டணி சாம்பலாக நடிக்கும். பகல் வெளிச்சத்தில் அது நடக்காது. அதே படம், அதே இங்க், வெளிச்சம் மட்டும் வேறு. செல்வி முதல் நாளே சொன்னாள், "இங்க நல்லாத்தான் இருக்குது, ஊட்டுல பச்சையா இருந்துச்சு" என்று.

"இன்னிக்குப் பொழுதோட முடிச்சுக் குடுக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

கடைக்கு வந்து, முகத்தை எடுத்துவிட்டு வெறும் சாம்பல் கட்டங்களாக ஒரு ஸ்ட்ரிப் போட்டேன். ஒவ்வொரு கட்டத்திலும் முந்தியதைவிட மெஜெந்தா ஒரு துளி அதிகம், கீழே நம்பர். ஈரம் காயாமல் இங்க்கின் நிறம் உண்மை பேசாது என்பதால் ஹேர் டிரையரால் ஊதினேன். அந்த ஸ்ட்ரிப்போடு மறுபடி வெள்ளக்கடை. அதே வாசலில், அதே வெளிச்சத்தில், செல்வியும் நானும் தலையோடு தலை முட்டப் பார்த்து ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுத்தோம். மறுபடி கடை. அந்த நம்பரில் படம். பனியில் மூன்றாம் தடவை வண்டி ஓட்டும்போது முதுகு விட்டுப்போனது.

வாசலில் வைத்துப் பார்த்தோம். நிறமில்லாத, சுத்தமான சாம்பல். காளியண்ணன் தலையை மட்டும் ஆட்டினார்.

"ம். இருக்கட்டுங்க" என்றார்.

அவர் அதைப் பார்த்தாரா, எனக்காகச் சொன்னாரா என்று தெரியவில்லை. அடுத்த நாள் நானே போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

5. கூறைச் சேலை

கருமாதிக்கு உறவுசனம் வந்து நிறைந்திருந்தது. படையலுக்கு ஒரு பக்கம் சமையல் நடந்தது. முன்னறையில், வாசல் வெளிச்சம் விழுகிற இடத்தில் ஒரு நாற்காலி போட்டு, அதில் ராசம்மாவின் கூறைச் சேலையை விரித்து, அதன் மேல் படத்தை வைத்திருந்தார்கள். கல்யாணத்தன்று உடுத்திய சிவப்புச் சேலை. படத்தைச் சுற்றிக் கனமான சிவப்பு ரோஜா மாலை. கண்ணாடியில் நெற்றி இருக்கும் இடத்தில் காசு அகலத்துக்குக் குங்குமப் பொட்டு.

வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். பச்சை திரும்ப வந்திருந்தது.

ஏசப்பா! நேற்று இதே வீட்டில் பார்த்துவிட்டுத்தானே போனேன்? இங்க் மாறவில்லை, பேப்பர் மாறவில்லை, வெளிச்சம் மாறவில்லை. சாண் ஏறினால் முழம் சறுக்குகிறதே! காளியண்ணன் அறையில் இல்லை. செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"மாலை போட்டதும் பாத்தாருங்க்கா. எந்திரிச்சுப் போயி களத்துல உக்காந்துட்டாரு. படையலுக்குக் கூப்பிட்டா வரமாட்டேங்கறாரு."

நாற்காலிப் பக்கம் போய் என் துப்பட்டாவால் மாலையையும் சேலையையும் மறைத்துப் பார்த்தேன். என் துப்பட்டா வெள்ளை. முகம் சாம்பலானது. எடுத்தேன், பச்சையானது. மறுபடி மறைத்தேன். சுற்றி நின்ற பெண்கள் இவளுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள். எனக்குப் புரிந்துவிட்டது. பச்சை படத்திலேயே இல்லை. அவ்வளவு சிவப்புக்கு நடுவே வெறும் சாம்பலை வைத்தால், நம் கண்ணே அதற்குக் கொஞ்சம் பச்சை பூசிவிடுகிறது.

நாங்கள் கிறிஸ்தவர்கள். எங்கள் வீட்டுச் சாவுப் படத்துக்கு வெள்ளைப் பூ வைப்போம், பொட்டு வைப்பதில்லை. இந்து வீடுகளுக்கு எத்தனையோ படம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆனால் எல்லாம் கலர்ப் படங்கள், அதில் இது தெரியாது. கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் குங்குமம் ஏறும் என்று எனக்கு ஒரு நிமிஷமும் தோன்றவில்லை.

"செல்வி, இந்தச் செவப்பு மாலைய எடுத்துட்டு வெள்ளை மாலை போட்டா செரியாயிரும் கண்ணு."

அவள் பதில் சொல்வதற்குள் அவளுடைய அத்தை முந்திக்கொண்டார். காளியண்ணனின் அக்கா, கணீரென்ற குரல்.

"ஏனுங், அதெப்படிங்க? புருசன் இருக்கப் போனவ. பூவோட பொட்டோட போன மகராசிக்கு வெள்ளப் பூவா? சேலையும் எடுக்க மாட்டோம், பொட்டும் எடுக்க மாட்டோம். நீங்க படத்த மாத்துங்க."

நியாயம்தான். மாற வேண்டியது என் படம். சேலையின் முந்தானை ஓரத்தைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். நிறத்தின் அளவு எனக்குக் கண்ணில் இருக்க வேண்டும்.

"படையல எத்தன நேரம் நிறுத்தி வெப்பீங்க?"

"சோறு ஆறுற வரைக்கும்" என்றார் அத்தை.

எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. ஒண்டிக்கடை வந்ததும் ஷட்டரைப் பாதி தூக்கி, குனிந்து உள்ளே போனேன். முதல் வேலையாக அந்த டியூப்லைட்டை அணைத்தேன். படத்தைத் திறந்தேன். இத்தனை நாள் நிறத்தை ஒழிப்பதற்கு அலைந்த நான், இப்போது என் கையாலேயே நிறத்தை ஏற்றினேன். மஞ்சளைத் தொடவே கூடாது, அது காமாலை. சிவப்புப் பக்கம் கொஞ்சம், நிழலில் சற்றுக் கூடுதலாக, வெளிச்சத்தில் குறைவாக. வறுத்த காப்பிக்கொட்டையின் சாயல் வரும் வரைக்கும். போனில் எடுத்த சேலை நிறத்துக்கு ஒத்த சிவப்புச் சார்ட் பேப்பர் ஒன்றை எடுத்து மேசையில் விரித்து, அதன் மேல் சின்னத் துண்டாக ஒரு பிரிண்ட் வைத்து, கதவோர வெளிச்சத்தில் பார்த்தேன். போதவில்லை. இன்னும் ஒரு துளி. மறுபடி பார்த்தேன். சார்ட்டுக்கு மேல் சாம்பல், சார்ட்டை விட்டுத் தூக்கினால் பழுப்பு. அதேதான். முழுப் படம் போட்டு, ஹேர் டிரையரால் ஊதி, மழைக்கோட்டுக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினேன். ஷட்டரை இழுத்துவிட்டேனா என்று பாதி வழியில் சந்தேகம் வந்தது. திரும்பவில்லை.

சட்டத்தில் படத்தை மாற்றியது செல்வி. மாலையைத் திரும்பப் போட்டது அத்தை. படம் மாற்றும்போது அழிந்துபோன பொட்டை நான்தான் வைக்க வேண்டும் என்று அத்தை சொன்னார். சர்ச்சுக்குப் போகிறவள் என்றேன். "கண்ணாடிக்கு வெக்கறதுக்கு என்னங்க மதம், வைங்க" என்றார். வைத்தேன். பழக்கமில்லாத விரல், பொட்டு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது.

செல்வி களத்துக்குப் போய் அப்பாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். அவர் குனிந்தபடியே வந்தார். நாற்காலிக்கு முன்னால் நின்று, கடைசியில்தான் நிமிர்ந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் படத்தைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. எங்கேயாவது பச்சை எட்டிப் பார்க்கிறதா? நிழலில்? கழுத்தில்? காதோரம்?

"சிரிக்கறா பாரு" என்றார் காளியண்ணன்.

"எதுக்குச் சிரிக்கறான்னு தெரியுமா?" என்று செல்வியைக் கேட்டார்.

"தெரியாதுப்பா. நான் கேட்டேன், சொல்லவே இல்ல."

"சொல்லக் கூடாதுன்னு நாந்தான் சத்தியம் வாங்கிக்கிட்டேன்." துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "அன்னிக்குக் கோயில்ல ஒரே பனி. ஆளுக்கு ஆளு தெரியல. நான் போயி பொரி வாங்கிட்டு வந்து, 'இந்தா புடி, காலு வலிக்குது, நவுந்து உக்காரு'ன்னு சொல்லிப்போட்டுப் பக்கத்துல உக்காந்துட்டேன். பாத்தா வேற ஆரோ பொம்பள! 'யோவ், ஆருய்யா நீ'ன்னு கத்தறா. இவ அக்கட்ட பந்தல்ல உக்காந்துக்கிட்டு பாத்துப்போட்டு இந்தச் சிரிப்பு சிரிக்கறா. காப்பாத்த வரல பாரு, சிரிக்கறா!"

முதலில் சிரித்தது அத்தைதான். கணீரென்று, கருமாதி வீடு என்பதையும் மறந்து. அப்புறம் செல்வி, அழுதுகொண்டே. சமையல் பக்கமிருந்து என்ன என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் வர, காளியண்ணன் அவர்களுக்கும் முதலிலிருந்து சொன்னார். படையல் சோறு ஆறிப்போனது. ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

"நீங்களும் சாப்புட்டுப் போகோணும் அம்மிணி" என்றார் என்னிடம். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நன்றாக இருக்கிறது என்றோ, பச்சை போய்விட்டது என்றோ, ஒன்றும் இல்லை. எனக்கு ஒரு நிமிஷம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. இவ்வளவு ஓடியிருக்கிறேன்!

பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைத்தது, அவர் பேசியது முழுக்க ராசம்மாவைப் பற்றித்தான். இப்போதெல்லாம் என்னிடம் வேலை கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அக்கா, நிறம் சுத்தமாப் போயிருச்சுன்னு எப்படிங்க கண்டுபுடிக்கறது?" நாசில் பாருங்கள், செட்டிங் பாருங்கள், காய விடுங்கள், படம் எங்கே மாட்டப் போகிறது என்று கேட்டு அந்த இடத்து வெளிச்சத்தில் பாருங்கள், பக்கத்தில் என்ன நிறம் இருக்கப் போகிறது என்றும் கேளுங்கள். இவ்வளவும் செய்த பிறகு, படத்தைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். வாங்கியவர் படத்தைப் பற்றிப் பேசினால் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. படத்தில் இருப்பவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முடிந்துவிட்டது, வீட்டுக்குப் போகலாம்.